வாயின் தூய்மையும் உணவுக்குழாய்ப் புற்றுநோயும்

வீட்டுக்கு வாயில் எப்படியோ, உடலுக்கு வாய் அப்படி. வாயிற்படியில் சேரும் சேறு அங்கேயே நின்றுவிடுவதில்லை. வருவோர் போவோர் காலில் ஒட்டிக்கொண்டு அடுக்களை வரை சென்றுவிடுகிறது. வாயில் சேரும் அழுக்கும் அவ்வாறே. பல்லிடுக்கிலும் ஈறின் ஓரத்திலும் தங்கி வளரும் கிருமிகள், நாம் ஒவ்வொரு முறை எச்சிலை விழுங்கும்போதும் உள்ளே இறங்குகின்றன. அவை கடந்து செல்லும் பாதை உணவுக்குழாய். அக்குழாயில் தோன்றும் புற்றுநோய்க்கும் வாயில் வாழும் கிருமிகளுக்கும் தொடர்பு உண்டா என்பதைப் பல நாடுகளில் அறிஞர்கள் ஆராய்ந்து வருகின்றனர். அவர்கள் இதுவரை கண்டறிந்தவற்றையும், அவற்றிலிருந்து நம் தோட்டப்புற மக்கள் பெறக்கூடிய பயனையும் இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

நெகிரி செம்பிலான் மாநிலத்தில் லாபு, ரந்தாவ், சிலியாவ், லிங்கி, போர்ட்டிக்சன் வட்டாரங்களிலும், மலைக்கு அப்பால் பகாவ், ஜெம்போல், கெமாஸ் வரையிலும் ரப்பர்த் தோட்டங்கள் பரந்து கிடந்த காலம் ஒன்று இருந்தது. இன்று அவற்றுள் பெரும்பாலானவற்றில் செம்பனை நிற்கின்றது. சிரம்பான், நீலாய் போன்ற இடங்களில் சில தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவே மாறிவிட்டன. மக்களும் பலர் நகர்ப்புறத் தாமான்களில் குடியேறிவிட்டனர். ஆயினும் லயத்து வாழ்வில் படிந்த பழக்கங்கள் வீடு மாறியதோடு மறைந்துவிடவில்லை. இரண்டு தலைமுறையாகக் கைமாறி வந்த வெற்றிலைப் பெட்டி இன்னும் பல இல்லங்களில் இருக்கிறது. ஆகவே, தோட்டத்திலேயே வாழ்வோர்க்கும், தோட்டத்தை விட்டு வந்தோர்க்கும் இச்செய்தி பொருந்தும்.

உணவுக்குழாய் என்பது யாது?

தொண்டையையும் இரைப்பையையும் இணைக்கும் தசைக் குழாயே உணவுக்குழாய். வளர்ந்த மனிதனிடத்தில் அதன் நீளம் ஏறத்தாழ 25 சென்டிமீட்டர். மூச்சுக் குழாய்க்குப் பின்புறமாக, நெஞ்சின் நடுவே அது இறங்குகின்றது. அதன் உட்புறத்தில் ஈரமான மெல்லிய தோல் ஒன்று உண்டு. நம் கன்னத்தின் உட்புறத்தில் நாவினால் தடவிப் பார்த்தால் எப்படிப்பட்ட தோலை உணர்கிறோமோ, ஏறத்தாழ அதே வகைத் தோல்தான் உணவுக்குழாயினுள்ளும் போர்த்தப்பட்டிருக்கிறது. வாயின் தோலைக் கெடுக்கும் பொருள் உணவுக்குழாயின் தோலையும் கெடுக்கும் என்பதற்கு இவ்வொற்றுமை ஒரு காரணமாகும்.

இக்குழாயில் தோன்றும் புற்றுநோய் இரு வகைப்படும். இரைப்பையின் புளிப்பு நீர் நெடுங்காலம் மேலேறி வருவதனால் குழாயின் அடிப்பகுதியில் தோன்றுவது ஒரு வகை. மேல்நாடுகளில் அது மிகுதி. மேற்பகுதியிலும் நடுப்பகுதியிலும் அந்த மெல்லிய தோலிலிருந்தே தோன்றுவது மற்றொரு வகை. ஆசிய நாடுகளில் பெரும்பாலும் காணப்படுவது இந்த இரண்டாம் வகையே. புகையிலை, மது, பாக்கு ஆகியவற்றோடு நெருங்கிய தொடர்புடையதும், வாய்க் கிருமிகளைப் பற்றிய ஆராய்ச்சிகளில் பெரிதும் பேசப்படுவதும் இதுவே. 2022ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 5 இலட்சத்து 11 ஆயிரம் பேருக்கு உணவுக்குழாய்ப் புற்றுநோய் புதிதாகக் கண்டது. அதே ஆண்டில் ஏறத்தாழ 4 இலட்சத்து 45 ஆயிரம் பேர் அதனால் மாண்டனர். நோய் கண்டோர் எண்ணிக்கைக்கும் இறந்தோர் எண்ணிக்கைக்கும் உள்ள இடைவெளி எவ்வளவு சிறியது என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். இந்நோய் காலந்தாழ்த்திக் கண்டுபிடிக்கப்படுவதே இதற்குத் தலையாய காரணம்.

காலம் தாழ்வது எதனால்?

தோட்டத்தில் உழைத்து ஓய்வு பெற்ற மூத்த தாய் ஒருவரை நினைத்துப் பார்ப்போம். இளமையில் விடியுமுன் பிரட்டுக்குச் சென்று, வாளியும் உளியுமாக நிரைக்குப் போனவர். பசியையும் களைப்பையும் மறக்க வெற்றிலையைக் கன்னத்தில் அடக்கிப் பழகியவர். இப்போது பற்கள் சில விழுந்துவிட்டன, மீதியுள்ளவை ஆடுகின்றன, ஈறில் இரத்தம் கசிகின்றது. வயதானால் இப்படித்தான் என்று இருந்துவிடுகிறார்.

ஒரு நாள் ரொட்டியை விழுங்கும்போது நெஞ்சில் அடைப்பதுபோல் இருக்கிறது. தண்ணீர் குடித்ததும் இறங்கிவிடுகிறது. சில வாரங்கள் கழிந்து சோறும் அடைக்கிறது. குழம்பை அதிகமாக ஊற்றிக் குழைத்து உண்கிறார். பின்னர் கஞ்சிக்கு மாறுகிறார். பல் இல்லாததால் கஞ்சி குடிக்கிறார் என்று வீட்டார் நினைக்கின்றனர். அவரும் பிள்ளைகளுக்குத் தொல்லை தரக்கூடாதென்று வாய் திறப்பதில்லை. கஞ்சியும் இறங்காமல் உடல் மெலிந்த பிறகே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லப்படுகிறார்.

உணவுக்குழாய் நன்றாக விரிந்து கொடுக்கும் இயல்புடையது. அதன் உள்வழி பெருமளவு குறுகிய பிறகே அடைப்பு உணரப்படும். அதாவது, முதல் அடைப்புத் தோன்றும்போதே நோய் சில காலம் வளர்ந்திருக்கக் கூடும். அதற்கு மேலும் கஞ்சியிலும் மௌனத்திலும் மாதங்களைக் கழித்தால் மருத்துவர் செய்யக்கூடியது குறைந்துவிடும். ஆரம்ப நிலையில் நோயுற்ற தோலை மட்டும் அகற்றவோ, அறுவை சிகிச்சை, கதிர் சிகிச்சை, மருந்துச் சிகிச்சை ஆகியவற்றால் குணமாக்கவோ முயலலாம். முற்றிய நிலையிலோ, உணவு இறங்குவதற்காகச் சிறு குழலொன்றைப் பொருத்தித் துன்பத்தைக் குறைப்பதே பெரும்பாலும் இயலும்.

வாயில் வாழும் கிருமிகள்

மனித வாயில் 700க்கும் மேற்பட்ட வகைக் கிருமிகள் காணப்படுகின்றன. இவை யாவும் தீயவை அல்ல. பெரும்பாலானவை நமக்குத் துன்பம் செய்யாமல் வாழ்கின்றன. சில நன்மையும் செய்கின்றன. ஆகையால் வாயிலுள்ள கிருமிகளை அடியோடு அழித்துவிட வேண்டும் என்று எண்ணுவது தவறு. நல்லவையும் தீயவையும் ஓர் அளவில் நிற்கும்வரை தொல்லை இல்லை. அந்த அளவு கெடும்போதுதான் நோய் தோன்றுகின்றது.

பற்களைச் சரிவரத் துலக்காதபோது அவற்றின்மேல் ஒட்டுந்தன்மையுள்ள படலம் ஒன்று படிகின்றது. அகற்றப்படாவிட்டால் அது இறுகிக் காரையாகிவிடும். காரை ஈறை விலக்கி, பல்லுக்கும் ஈறுக்கும் இடையே சிறு பை போன்ற பள்ளத்தை உண்டாக்குகின்றது. காற்றுப் புகாத அப்பள்ளத்தில், காற்றை விரும்பாத சில கொடிய கிருமிகள் பெருகுகின்றன. அவற்றுள் இரண்டின் பெயரை நாம் அறிந்துகொள்வது நலம். ஒன்று போர்பிரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ். ஈறைச் சிதைத்துப் பல்லை ஆட்டங்காணச் செய்வதில் முதன்மையானது. மற்றொன்று பியூசோபாக்டீரியம் நியூக்ளியேட்டம். இது பிற கிருமிகள் பற்றிக்கொண்டு குடியேறுவதற்குப் பாலம்போல் உதவுவது. நீரிழிவு நோய் உடையோர்க்கும் புகைபிடிப்போர்க்கும் இத்தகைய ஈறுநோய் எளிதில் கடுமையாகும்.

அழற்சி என்னும் நெருப்பு

காலில் முள் தைத்தால் அவ்விடம் சிவந்து, வீங்கி, சுடுகின்றது. கிருமிகளை எதிர்க்க உடல் வெள்ளணுக்களை அங்கே அனுப்பிப் போரிடுவதே இதற்குக் காரணம். இதனை அழற்சி என்பர். முள்ளை எடுத்துவிட்டால் சில நாளில் அழற்சி தணிந்துவிடும். இவ்வழற்சி நம்மைக் காக்கும் நெருப்பு.

ஆனால் முள் எடுக்கப்படாமல் ஆண்டுக்கணக்கில் உள்ளேயே கிடந்தால் என்னாகும்? போரும் ஆண்டுக்கணக்கில் நீடிக்கும். வெள்ளணுக்கள் கிருமிகளைக் கொல்ல வெளியிடும் இரசாயனப் பொருள்கள் அண்டையிலுள்ள நல்ல உயிரணுக்களையும் புண்படுத்தும். அழிந்த அணுக்களுக்கு ஈடாகப் புதிய அணுக்கள் மீண்டும் மீண்டும் பிறக்க வேண்டியிருக்கும். ஒரே ஏட்டைப் பல நூறு முறை அவசரமாகப் படியெடுத்தால் எழுத்துப்பிழை நேர்வதுபோல, உயிரணுவின் உள்ளிருக்கும் மரபுக் குறிப்பிலும் பிழை நேரும். அப்பிழைகள் குவிந்து, கட்டுக்கடங்காமல் பெருகும் அணு ஒன்று பிறந்துவிட்டால் அதுவே புற்றுநோயின் வித்தாகும்.

ஈறுநோயின் கிருமிகள் அழற்சியை மூட்டுவதோடு நிற்பதில்லை என்பதையும் ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டுகின்றன. போர்பிரோமோனாஸ் கிருமி உயிரணுக்களுக்குள்ளேயே புகுந்து தங்க வல்லது. கெட்டுப்போன அணு தானே மடிந்துவிடுவது உடலின் இயற்கை. அம்மடிவையும் இக்கிருமி தடுக்கக்கூடும். பியூசோபாக்டீரியமோ, புற்றை எதிர்க்க வரும் உடற்காவலைத் தளர்த்துவதாகத் தெரிகிறது.

ஆராய்ச்சிகள் கூறுவது என்ன?

கிருமியால் புற்றுநோய் வரும் என்றால் ஒரு காலத்தில் மருத்துவர்களே நம்பவில்லை. 1982ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் பேரி மார்ஷல், ராபின் வாரன் ஆகிய இருவரும் இரைப்பையில் வாழும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் கிருமியை வளர்த்துக் காட்டினர். இரைப்பைப் புண்ணுக்கு அதுவே காரணம் என்பது பின்னர் நிலைநாட்டப்பட்டது. 1994ஆம் ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு அக்கிருமியைப் புற்றுநோய் விளைவிப்பவற்றுள் ஒன்றாக அறிவித்தது. 2005ஆம் ஆண்டில் அவ்விருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. நீடித்த அழற்சி புற்றுக்கு வழி திறக்கும் என்பதற்கு இது சிறந்த சான்று.

உணவுக்குழாயைப் பொறுத்தவரை, சீனாவின் லின்சியான் வட்டாரத்திலும், ஈரானின் கொலெஸ்தான் வட்டாரத்திலும் நடந்த ஆய்வுகள் குறிப்பிடத்தக்கவை. இவ்விரு வட்டாரங்களும் உணவுக்குழாய்ப் புற்றுநோய் மிகுந்தவை. பற்களை மிகுதியாக இழந்தவர்களிடையே இந்நோய் கூடுதலாக இருப்பது இரு இடங்களிலும் காணப்பட்டது. 2008ஆம் ஆண்டில் வெளிவந்த கொலெஸ்தான் ஆய்வில், நாள்தோறும் பல் துலக்காதவர்களிடையே நோய் மிகுந்திருந்ததும் தெரியவந்தது. இந்தியாவின் காஷ்மீரில் நடந்த ஆய்வும் இதையொத்த முடிவையே தந்தது.

2016ஆம் ஆண்டில் சீனாவின் ஹெனான் மாநிலத்து அறிஞர்கள் ஒரு படி மேலே சென்றனர். உணவுக்குழாய்ப் புற்றுநோய் கண்ட 100 பேரின் திசுக்களை அவர்கள் சோதித்தனர். 61 விழுக்காட்டினரின் புற்றுத் திசுவில் போர்பிரோமோனாஸ் கிருமி இருந்தது. புற்றுக்கு அருகிலிருந்த திசுவில் 12 விழுக்காடே காணப்பட்டது. நோயற்றோரின் திசுவில் அது காணப்படவே இல்லை. அதே ஆண்டில் ஜப்பானின் குமாமோத்தோ நகரத்து மருத்துவர்கள், அறுவை சிகிச்சையில் எடுக்கப்பட்ட 325 புற்றுத் திசுக்களை ஆராய்ந்து, அவற்றுள் 74இல் பியூசோபாக்டீரியம் இருப்பதைக் கண்டனர். அக்கிருமி இருந்தோரின் ஆயுள் குறைவாகவும் இருந்தது.

ஆயினும், இங்கே நிதானம் தேவை. புற்றுத் திசுவில் கிருமி இருப்பதனாலேயே கிருமிதான் புற்றை உண்டாக்கியது என்று முடிவு செய்துவிட இயலாது. குறுகிய குழாயில் உணவு தங்குவதால் கிருமிகள் பிற்பாடு அங்கே குடியேறியிருக்கவும் கூடும். மேலும் பல்லைப் பேணாதோரில் பலர் புகையிலையும் மதுவும் பயன்படுத்துவோராக இருப்பதுண்டு. இத்தகைய ஐயங்களை நீக்கும் பொருட்டு, நோய் தோன்றுவதற்கு முன்பே மக்களின் வாய்நீரைச் சேமித்து வைத்து, பின்னர் யாருக்கு நோய் வந்தது என்று ஒப்புநோக்கும் ஆய்வு அமெரிக்காவில் நடைபெற்று 2017இல் வெளிவந்தது. சில வகைக் கிருமிகளை மிகுதியாக உடையோர்க்குப் பிற்காலத்தில் இந்நோய் வரும் வாய்ப்புக் கூடியிருந்ததாக அது காட்டியது. சுருங்கச் சொன்னால், தொடர்பு இருப்பது தெளிவாகி வருகின்றது. காரணம் என்று அறுதியிட்டுக் கூறும் நிலை இன்னும் வரவில்லை.

அறுதியாகத் தெரிந்த பகைவர்கள்

கிருமிகளின் குற்றம் இன்னும் விசாரணையில் இருக்கிறது எனலாம். ஆனால் குற்றம் மெய்ப்பிக்கப்பட்ட பகைவர்கள் சிலர் நம் இல்லங்களிலேயே உள்ளனர். அவர்களை விட்டுவிட்டுக் கிருமிகளை மட்டும் பேசுவது முறையன்று.

முதலாவது, வெற்றிலை பாக்கு. புகையிலை சேர்த்த வெற்றிலைச் சுருள் புற்றுநோய் விளைவிப்பது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 1985ஆம் ஆண்டிலேயே அறிவித்தது. புகையிலையை விட்டுவிட்டோம், வெறும் பாக்குத்தானே என்று பலர் ஆறுதல் கொள்வதுண்டு. அதற்கும் இடமில்லை. பாக்கு தானாகவே புற்றுநோய் விளைவிக்கும் என்று அவ்வமைப்பு 2004ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் உறுதிப்படுத்தியது. பின்னர், புகையிலை சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும் வெற்றிலைச் சுருள் வாயில் மட்டுமன்றி உணவுக்குழாயிலும் புற்றை விளைவிக்கும் என்றும் அது தெளிவுபடுத்தியது. மெல்லும் சாறு தங்கும் இடம் வாய். அது இறங்கும் வழி உணவுக்குழாய் அல்லவா?

இரண்டாவதும் மூன்றாவதும் புகையும் மதுவும். சிகரெட்டாயினும் சுருட்டாயினும், கள்ளாயினும் சம்சுவாயினும் பீராயினும் இவற்றுள் ஒன்றே போதும் தீங்கு செய்ய. இரண்டும் ஒருவரிடத்தில் சேர்ந்துவிட்டாலோ தீங்கு கூட்டல் கணக்கில் ஏறுவதில்லை. பெருக்கல் கணக்கில் ஏறுகின்றது.

இவ்விடத்தில்தான் வாய்க் கிருமிகள் மீண்டும் வருகின்றன. குடித்த மதுவை அசிட்டால்டிஹைடு என்னும் நச்சுப்பொருளாக மாற்றும் ஆற்றல் வாயிலுள்ள பல கிருமிகளுக்கு உண்டு. மதுவினால் உண்டாகும் இந்த அசிட்டால்டிஹைடு புற்றுநோய் விளைவிக்கும் பொருளாக 2009இல் வகைப்படுத்தப்பட்டது. வாய் தூய்மையற்று இருப்பவர் மது அருந்தும்போது அவருடைய எச்சிலில் இந்நச்சு கூடுதலாகச் சேர்கின்றது. அவர் அதை விழுங்கிக்கொண்டே இருக்கிறார். பாக்கிலும் புகையிலையிலும் உள்ள பொருள்களிலிருந்து நைட்ரோசமீன் எனப்படும் கொடிய நச்சு தோன்றுவதற்கும் வாய்க் கிருமிகள் துணை செய்கின்றன. ஆகவே, அழுக்கடைந்த வாயும் தீய பழக்கமும் ஒன்றுக்கொன்று கைகொடுக்கும் கூட்டாளிகள் எனலாம்.

நான்காவதாக ஒன்றைக் கூறுவோம். 65 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட கொதிக்கும் பானங்களைப் பருகுவது உணவுக்குழாய்ப் புற்றுக்குக் காரணமாக இருக்கக்கூடும் என்று 2016ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. தேநீரில் குற்றமில்லை, சூட்டில்தான் குற்றம். அடுப்பிலிருந்து இறக்கிய தேநீரைச் சற்றே ஆற்றிக் குடிப்பது செலவில்லாத பாதுகாப்பு.

நம் நாட்டின் நிலை

மலேசிய இந்தியரிடையே வாய்ப்புற்றுநோய் பிற இனத்தவரைவிட மிகுந்திருப்பது புதிய செய்தியன்று. கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த டாக்டர் இராமநாதன் போன்றோர் 1970ஆம் ஆண்டுகளிலேயே இதனை எடுத்துக்காட்டினர். 1993-94ஆம் ஆண்டுகளில் நாடு முழுவதிலும் 11,000க்கும் மேற்பட்ட பெரியவர்களின் வாய்கள் சோதிக்கப்பட்டன. புற்றாக மாறக்கூடிய மாற்றங்கள் சீனரிடையே 0.5 விழுக்காட்டினரிடம் மட்டுமே காணப்பட்டன. இந்தியரிடையேயோ அது 4 விழுக்காடாக இருந்தது. அதாவது எட்டு மடங்கு. இது இரத்தத்தில் வந்த குறையன்று, பழக்கத்தில் வந்தது. பழக்கத்தில் வந்ததைப் பழக்கத்தால் மாற்ற இயலும் என்பதே இப்புள்ளிவிவரம் நமக்குத் தரும் ஆறுதல்.

வாயைச் சோதித்துப் பார்ப்பதால் மட்டும் உயிர் பிழைக்குமா என்று சிலர் வினவலாம். கேரளத்தின் திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996 முதல் நடைபெற்ற பெரிய ஆய்வு இதற்கு விடை கூறியுள்ளது. பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று, வெளிச்சத்தில் மக்களின் வாயைப் பார்த்தனர். அவ்வளவே. புகையிலையோ மதுவோ பயன்படுத்தியோரிடையே வாய்ப்புற்றால் ஏற்பட்ட சாவு, சோதிக்கப்படாத ஊர்களைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. 2005ஆம் ஆண்டில் இம்முடிவு வெளிவந்தது. நம் சுகாதார அமைச்சின் பல் மருத்துவக் குழுவினர் தோட்டங்களுக்கு வந்து வாயைத் திறக்கச் சொல்வதன் நோக்கமும் இதுவே. அவர்கள் பல் பிடுங்க வருகிறார்கள் என்று அஞ்சி, அன்றைக்குப் பார்த்துச் சந்தைக்குப் போய்விடுவது அறிவுடைமை ஆகாது.

நாம் செய்ய வேண்டுவன

1. நாள்தோறும் காலையிலும், இரவில் படுக்கப்போகும் முன்னும் புளோரைடு கலந்த பற்பசையால் பல் துலக்க வேண்டும். இரவுத் துலக்கலே மிக இன்றியமையாதது. உறக்கத்தில் எச்சில் குறைவதால் கிருமிகள் பெருகும் நேரம் அதுவே. கரி, செங்கல் தூள் ஆகியவை பல்லைத் தேய்த்துக் கெடுக்கும், அவற்றைக் கைவிடுக. நாக்கை வழிக்கும் நம் பழைய வழக்கம் நல்ல வழக்கமே.

2. ஈறில் இரத்தம் கசிந்தால் துலக்குவதை நிறுத்தக்கூடாது. கசிவு அழற்சியின் அடையாளம். மென்மையான தூரிகையால் ஈறின் ஓரத்தைத் தொடர்ந்து தூய்மை செய்து வருக. படிந்துவிட்ட காரையைத் தூரிகை அகற்றாது. பல் மருத்துவரே அகற்ற வேண்டும். கிளினிக் பெர்கிகியான் என்று பெயர்ப்பலகை தாங்கிய அரசாங்கப் பல் மருத்துவக் கூடங்களில் இப்பணியைச் சிறு கட்டணத்தில் செய்கின்றனர். காரையை எடுத்தால் பல் ஆடும் என்பது வீண் அச்சம்.

3. பொய்ப்பல் கட்டியவர்கள் அதனை இரவில் கழற்றி, துலக்கி, தண்ணீரில் இட்டு வைக்க வேண்டும். பல்லே இல்லாதவர்களும் வாயைச் சோதித்துக்கொள்வது அவசியம்.

4. பாக்கையும் புகையிலையையும் விட்டொழிக்க வேண்டும். திருமணத்திலும் சடங்கிலும் வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பது நம் பண்பாடு. அதனை மாற்றச் சொல்லவில்லை. தாம்பூலத் தட்டில் வைத்து மதிப்பது வேறு, நாள் முழுதும் கன்னத்தில் அடக்கி வைப்பது வேறு. பல ஆண்டுப் பழக்கத்தை ஒரே நாளில் விட இயலாதவர்கள், முதற்படியாகப் புகையிலையை நிறுத்துக. வாயில் சுருளை வைத்துக்கொண்டு உறங்குவதை இன்றே விடுக. பின்னர் பாக்கையும் நிறுத்துக. புகைப்பதை நிறுத்த விரும்புவோர்க்கு அரசாங்கச் சுகாதார மருந்தகங்களில் ஆலோசனையும் மருந்தும் கிடைக்கின்றன.

5. மதுவை விலக்குக. கீரையும் காய்களும் பழங்களும் நாள்தோறும் உணவில் சேர்க. வீட்டோரத்து முருங்கையும் பப்பாளியும் கடையில் வாங்கும் மருந்தைவிட மேலானவை.

6. வாயில் வலியற்ற வெண்படலம், செம்படலம், இரண்டு வாரத்திற்கு மேல் ஆறாத புண், வாய் திறக்க இயலாத இறுக்கம் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் பல் மருத்துவரிடம் காட்டுக. விழுங்கும்போது அடைப்பு, காரணமின்றி உடல் மெலிதல், உண்டது எதுக்களித்தல், நீங்காத குரல் கம்மல் ஆகியவை தோன்றினால் சுகாதார மருந்தகத்து மருத்துவரிடம் உடனே செல்க. அவர் தேவை கண்டால் சிரம்பான் துவாங்கு ஜாபார் மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவார். அங்கே விளக்குப் பொருத்திய மெல்லிய குழலை வாய்வழியே செலுத்தி, உணவுக்குழாயின் உட்புறத்தை நேரில் பார்ப்பர். சில நிமிடங்களில் முடியும் சோதனை அது.

வாய் தூய்மையாக இருந்தால் உணவுக்குழாய்ப் புற்றுநோய் வரவே வராது என்று நாம் உறுதி கூறவில்லை. அவ்வாறு கூறுவது உண்மையும் ஆகாது. ஈறில் இரத்தம் கசியும் எல்லாருக்கும் புற்றுநோய் வரும் என்று அஞ்சுவதும் வேண்டாம். ஆராய்ச்சியின் இறுதி முடிவு எதுவாயினும், நாம் மேலே கூறியவற்றுள் எதுவும் வீண்போகாது. ஈறு உறுதிப்படும், பல் நிலைக்கும், பாக்கும் புகையும் மதுவும் விலகினால் பல நோய்களின் வாயில் ஒருங்கே அடைபடும்.

இறுதியாக, இல்லத்தில் உள்ள இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பாட்டியோ, தாயோ, தந்தையோ அண்மைக் காலமாகச் சோற்றை விட்டுக் கஞ்சிக்கு மாறியிருக்கிறார்களா? வயது என்று எண்ணி வாளாவிராதீர்கள். அருகில் அமர்ந்து, விழுங்கும்போது அடைக்கிறதா என்று ஒரு முறை கேளுங்கள். பகாவிலிருந்தோ கெமாஸிலிருந்தோ சிரம்பானுக்குப் பயணம் நெடிதாகத் தோன்றலாம். ஆனால் மழை வெயில் பாராமல் பால்மரக் காட்டில் உழைத்து நம்மை ஆளாக்கியவர்களுக்காக ஒரு நாள் கூலியை இழந்து அந்த மலைச்சாலையைக் கடப்பது பெரிதன்று. அடைப்புத் தோன்றிய வாரத்திலேயே செல்லும் பயணம் உயிர் காக்கும். ஆறு மாதம் கழித்துச் செல்லும் பயணம் அதனைச் செய்யும் என்பதற்கு உறுதியில்லை.